பனிமலையிற் கற்ற பாடம்

விழா மலர்க் குழுவினர் எம்மிடம் ஒரு கட்டுரை வேண்டியபோது, இலக்கணத்திலோ இலக்கியத்திலோ யாதேனுமொரு பொருள்பற்றி எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். ஆசிரிய கலாசாலைப் பயிற்சி முடித்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் ஒருவரிடம் வேறு எதனை எதிர்பார்த்தல் கூடும்? ஆயின், யாம் ஈண்டு எழுதப் புகுவது பனிச்சறுக்கைப்பற்றி. பழைய மாணவர்கள் நகைத்தல் வேண்டா. எம்மிடம் தமிழ் பயிலும் இன்றைய மாணவர்கள் நகைப்பார்களாயின் அதனையும் பொறுத்துக்கொள்வோம். எம் வகுப்பறையிலே யாம் பல்லாண்டு சொல்லிவந்த ஒரு கருத்தின் குறையை எமக்கு உணர்த்தியது அப்பனிமலையே ஆதலின், அதனைக் கல்லூரி மலரிலே எழுதுதல் முறையென்று கருதினோம்.

யாழ்ப்பாணத்திற் பிறந்தோர்க்கு மலையும் புதிது, வெண்பனியும் புதிது. மலையென்று சொல்ல நமக்குக் கீரிமலை ஒன்றே உண்டு; அதுவும் பெயரளவிலே மலை. பனியென்றால் மார்கழி விடியலில் திருவெம்பாவைக்கு எழுந்து கோயிலுக்குப் போகும்போது புல்நுனியிற் காணும் துளியே நமக்குத் தெரியும். அதனை மிதித்து நடந்து காலுக்குக் குளிர்கிறது என்று முறைப்பட்டவர்களே நாம்.

எம்முடன் ஆறாம் வகுப்பு முதல் உயர்தரம் வரை ஒரே வாங்கிலிருந்து கற்ற நண்பர் ஒருவர் 2000ஆம் ஆண்டிலே நோர்வே நாடு சென்று அங்கேயே வாழ்கின்றார். அவர் பலகால் அழைத்தும் போகாத யாம், 2023ஆம் ஆண்டு ஏப்ரல் விடுமுறையில், அவரே பயணச்சீட்டும் அனுப்பியபின் மறுக்க இயலாது சென்றோம். அஃது அந்நாட்டவர்க்கு ஈஸ்டர் விடுமுறைக் காலம். நம்மவர் சித்திரைப் புத்தாண்டுக்கு ஊர் திரும்புவது போல, அவர்கள் அக்காலத்திலே மலைக்குச் செல்கின்றார்கள். தோடம்பழமும் சொக்கிலேற்றும் பையிலே இட்டுக்கொண்டு, பாட்டன் முதற் பேரன் வரை சறுக்குப்பலகைகளைத் தோளில் வைத்துப் புறப்படும் காட்சியைக் கண்டபோது, காவடி எடுத்துச் செல்லும் அடியார் கூட்டமே எம் நினைவுக்கு வந்தது.

சறுக்குப்பலகையை அவர்கள் ‘ஷீ’ என்பர். பிளந்த மரத்துண்டு என்பதே அச்சொல்லின் பழம் பொருளாம். மலையுச்சியிலிருந்து விரைந்து இறங்கும் சறுக்கு வேறு. மேடும் பள்ளமுமாகிய நிலத்திலே நெடுந்தூரம் நடந்து செல்லும் சறுக்கு வேறு. யாம் பயின்றது இரண்டாவது வகை. இதிலே பாதரட்சையின் முனை மட்டுமே பலகையிற் பூட்டப்பட்டிருக்கும். குதிகால் எழும்பித் தாழும். பலகையோ வில்லைப் போல நடுவே சற்று மேல்நோக்கி வளைந்தது. ஒரு காலை அழுத்தி ஊன்றும்போது அதன் நடுப்பகுதி பனியைத் தொடும். அங்கே பூசிய மெழுகு பனியைப் பற்றிக்கொள்ள, உந்தி முன்னேறலாம். உடற்பாரம் இரு பலகையிலும் பரவும்போது நடுப்பகுதி மேலெழுந்து பற்றை விட, பலகை வழுக்கிச் செல்லும். குளிருக்குத் தக்கபடி மெழுகின் நிறமும் வேறுபடும். நல்ல குளிருக்கு நீலம், உருகுநிலைக்கு அண்மையிற் சிவப்பு. பற்றுதலும் விடுதலும் மாறி மாறி நிகழ்வதே இவ்வித்தையின் உயிர் என்பதை அன்று ஒரு நுட்பமாகக் கேட்டுக்கொண்டோமேயன்றி, அதன் பொருளை உணர்ந்தோமல்லோம்.

முதலிரு நாட்களும் ஒஸ்லோ நகரின் எல்லையிலுள்ள காட்டிலே பயிற்சி. நகரத்துச் சுரங்கப் புகையிரதத்திற் சறுக்குப்பலகையுடன் ஏறிக் காட்டின் விளிம்பிலே இறங்கலாம். வேட்டியுடன் கோயிலுக்குச் செல்பவரை நம்மூரில் எவரும் வியவாததுபோல, அங்கே இதனை எவரும் வியப்பதில்லை. அன்று எத்தனை முறை வீழ்ந்தோம் என்பதை நண்பரின் பத்து வயது மகள் எண்ணி வைத்திருந்தாள்; அத்தொகையை இங்கே வெளியிடுதல் ஆசிரியத் தொழிலுக்கு இழுக்கு. வீழ்ந்தபின் எழும் முறையையும் அவளே கற்பித்தாள். பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காக ஒருங்கே வைத்து, முதலில் முழந்தாளிட்டுப் பின்னர் எழ வேண்டும். “மாமா, அவசரப்பட்டு எழும்பினால் திரும்பவும் விழுவீங்கள்” என்றாள். அவ்வண்ணமே நிகழ்ந்தது.

மூன்றாம் நாள் நண்பரும் யாமும் ஒஸ்லோவிலிருந்து பேர்கன் செல்லும் புகையிரதத்தில் ஏறிப் பின்சே என்னும் இடத்தில் இறங்கினோம். 1909ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பாதையில் மிக உயரமான நிலையம் அது. கடல் மட்டத்திலிருந்து 1,222 மீற்றர். மோட்டார் வண்டி செல்லும் பெருந்தெரு அவ்விடத்துக்கு இல்லை, புகையிரதமே வழி. நிலையத்துக்கு முன்னே ஓர் ஏரி. அது முற்றும் உறைந்து வெண்ணிலமாய்க் கிடந்தது. ஏரிக்கு அப்பால் தென்றிசையிலே ஹார்டாங்கர் பனியாறு ஒரு பெரிய வெண்குடை கவிழ்த்தாற்போல வானத்தைத் தாங்கி நின்றது. மரமென்று சொல்ல ஒன்றுமில்லை. ஓசையென்று சொல்லவும் ஒன்றுமில்லை. வண்டி அகன்றபின் எம் மூச்சை யாமே கேட்டோம்.

அன்றிரவு மலைவிடுதியிலே தங்கி, மறுநாட் காலை புறப்பட்டோம். பனியாற்றின் ஒரு கிளை பள்ளத்தை நோக்கி இறங்கி முடியும் இடத்துக்குப் ‘புளோ-ஈசன்’ என்று பெயர். நீலப் பனிக்கட்டி என்பது பொருள். எனினும் அப்பெயரின் ஈற்றிலே ஈசனைக் கேட்ட மாத்திரத்தில் எம்முள்ளம் துள்ளியது. இந்துக் கல்லூரியொன்றின் தமிழாசிரியர் வெண்பனி மலையிலே ஈசன் என்று முடியும் பெயரைக் கேட்டபின் அங்கே போகாது மீளுதல் எவ்வாறு? கைலாயங் காணாதவர்க்கு இதுவே கைலாயம் என்று நண்பரிடம் சொன்னோம். போக ஐந்து, வர ஐந்தாக ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் என்று நண்பர் கணக்கிட்டார். அங்கே நின்று ஒரு படம் எடுத்து வந்து கல்லூரி மண்டபத்திலே மாணாக்கர்க்குக் காட்டுதல் வேண்டும் என்பது எம் பேரவா.

புறப்படுமுன் நண்பர் செய்தவை எமக்கு மிகையாகவே தோன்றின. எங்கே போகிறோம், எப்போது மீள்வோம் என்று விடுதியாரிடம் சொல்லி வைத்தார். இரண்டு மணி நேரப் போக்குக்கு ஒரு மண்வெட்டியும், காற்றைத் தடுக்கும் உறைப்பையும், வேறு மேலாடையும், திசையறி கருவியும் பையிலே அடுக்கினார். ஆனைப்பந்திக்குப் போகிறவன் ஆறு நாட் கட்டுச்சோறு கட்டுவதுபோல இருக்கிறதே என்று நகையாடினோம். அவர் மறுமொழி கூறவில்லை.

காலை வானம் தெளிந்திருந்தது. குளிர் பூச்சியத்துக்குக் கீழே ஆறு பாகை. நீல மெழுகு பூசி ஏரியைக் கடந்தோம். வழியை அறிவிக்கச் சிறு மரக்கிளைகளைப் பனியிலே சில மீற்றருக்கு ஒன்றாக நட்டிருந்தார்கள். எதிர்ப்பட்டோர் யாவரும் முகமன் கூறிச் சென்றார்கள். நகரத்திலே பக்கத்து வீட்டாரோடும் பேசாதவர் மலையிலே யாரென்று அறியாதார்க்கும் வணக்கம் சொல்வர் என்று நண்பர் விளக்கினார். இடக்காலுக்கு வலக்கை, வலக்காலுக்கு இடக்கை என்ற தாளம் ஒருவாறு உடம்பிற் படிந்தது. மேட்டிலே பலகைகளை மீன்முள் வடிவாக விரித்து ஏறினோம். உச்சிவேளைக்குச் சற்று முன்னர்ப் பனியாற்றின் நீலவிளிம்பு கண்ணுக்குப் புலனாயிற்று. இன்னும் அரை மணி நேர வழி.

அவ்விடத்திலே நண்பர் நின்றார். தோடம்பழம் ஒன்றை உரித்துப் பாதியை எம்மிடம் தந்தார். மேலே பார்த்தார். எம் காலடியிலே வெண்புகை போல நுண்பனி தரையோடு தரையாக ஓடத் தொடங்கியிருந்ததை யாம் அழகென்று கண்டோம். அவர் வேறொன்றாகக் கண்டார்.

“மச்சான், திரும்புவம்” என்றார்.

“இவ்வளவு தூரம் வந்துபோட்டு இப்பவோ திரும்பிறது? அந்தா தெரியுது!”

“மேலை பார். மலை உச்சியைக் காணேல்லை.”

உண்மையே. சற்றுமுன் ஒளிவீசிய பனிக்குடையின் மேற்பாதியை முகில் விழுங்கியிருந்தது. ஆயினும் எமக்குச் சினமே மிகுந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்தவனை அரை மணி நேரத் தொலைவிலே தடுப்பதோ? முன்வைத்த காலைப் பின்வைக்கலாகாது என்று அவருக்கு நினைவூட்டினோம். அவர் எம்மோடு வாதாடவில்லை. சொக்கிலேற்று ஒன்றை எடுத்து உடைத்துத் தந்து, அதன் உறையை விரித்து உட்புறத்தை எம் கண்முன்னே நீட்டினார். அந்நாட்டவர் மலைக்குக் கொண்டுசெல்லும் ‘குவிக் லுன்ஷ்’ என்னும் அச்சொக்கிலேற்று 1937ஆம் ஆண்டு முதல் விற்பனையாவது. அதன் உறையின் உட்புறத்திலே மலையிற் செல்வோர்க்குரிய ஒன்பது விதிகள் அச்சிடப்பட்டிருந்தன. எட்டாவதை விரலாற் சுட்டித் தமிழிலே சொன்னார்: காலத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை.

சொல்லிவிட்டுப் பலகையைத் திருப்பினார். தனித்து முன்செல்ல எமக்குத் திறனுமில்லை, துணிவுமில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்தொடர்ந்தோம்.

கால் மணி நேரஞ் சென்றிருக்கும். காற்று முதுகிலே அறைந்தது. பின்னர், தரையும் வானும் ஒன்றாயின. இருள் கறுப்பாகத்தான் வரும் என்று அதுவரை எண்ணியிருந்தோம். வெண்மையே இருளாகும் என்பதை அன்று கண்டோம். மேடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. நின்றிருக்கிறோமா வழுக்கிச் செல்கிறோமா என்பதும் ஐயமாயிற்று. நின்ற நிலையிலேயே ஒருமுறை வீழ்ந்தோம். நண்பர் ஒரு கிளையருகே நின்று அடுத்த கிளை தெரியும்வரை காத்திருப்பார். தெரிந்ததும் அதனை நோக்கிச் செல்வார். யாம் அவர் முதுகுப்பையின் சிவப்பு நிறத்தை மட்டுமே நோக்கிச் செல்வோம். இருமுறை அவர் முற்றாகவே மறைந்தார். அவ்வேளைகளில் எம் வாயிலே வந்தது பஞ்சாட்சரம். ஒரு மணி நேரத்தில் வந்த வழியை மீண்டு கடக்க இரண்டரை மணி நேரமாயிற்று. விடுதியின் விளக்கொளி புலப்பட்டபோது யாம் அழுதோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. குளிரினாற் கண்ணீர் வந்ததென்று அப்போது நண்பரிடம் சொன்னோம். அந்த அரை மணி நேரத்தையும் முன்னோக்கிச் சென்றிருந்தால், மீள்வதற்கு வலியும் இராது, ஒளியும் இராது.

இரவு கணப்பின் அருகே சூடான இரசம் போன்றதொரு குழம்பு அருந்திக்கொண்டிருந்தபோது அவ்விதிகளின் வரலாற்றை நண்பர் கூறினார். 1952ஆம் ஆண்டிலே அவை முதலில் வகுக்கப்பட்டன. 1967ஆம் ஆண்டு ஈஸ்டர் காலத்திலே பதினெட்டுப் பேர் மலையில் உயிரிழந்தபின் நாடெங்கும் பரப்பப்பட்டன. 2016ஆம் ஆண்டிலே திருத்தப்பட்டன. இவற்றுட் பெரும்பாலானவை உடை, உணவு, திட்டம், வானிலை பற்றியவை. எட்டாவது ஒன்றே மனிதருடைய மானத்தைப்பற்றிப் பேசுவது. மலையிலே கொல்வது குளிர் மாத்திரமன்று, வெட்கமுமே என்பதை அவ்விதியை வகுத்தவர் அறிந்திருந்தனர்.

பின்னர் நண்பர் நெடுநேரம் பேசாதிருந்து, யாம் கேளாமலே ஒன்று சொன்னார். அவர் அந்நாடு சென்றது பொறியியல் கற்க. அவர் தந்தையார் காணியை ஈடுவைத்து அனுப்பியவர். இரண்டாம் ஆண்டிலேயே அக்கல்வி தமக்கு ஒவ்வாது என்று உணர்ந்தும், திரும்ப வெட்கி, மேலும் இரண்டு ஆண்டுகளை வீணாக்கினாராம். இறுதியிலே அதனை விட்டு மின்னிணைப்பாளர் தொழில் பயின்றார். இன்று அத்தொழிலிலே நல்ல பெயரும் நல்ல வருவாயும் உடையவர். ஆயின், ஊருக்கு எழுதிய கடிதங்களிலெல்லாம் பொறியியல் மாணவராகவே இருந்தார். ஐந்தாம் ஆண்டிலே தந்தையார் காலமானார், மகன் பொறியியலாளனாகிவிட்டான் என்று எண்ணிக்கொண்டே.

“நான் பொய் சொல்ல வேணுமெண்டு நினைக்கேல்லை, மச்சான். திரும்பினனான் எண்டு சொல்ல ஒரு சொல்லு தெரியேல்லை. எங்களுக்குப் படிப்பிச்ச தமிழிலை அப்பிடியொரு சொல்லு இருக்கேல்லை” என்றார்.

அச்சொல் எம்மைத் தைத்தது. எமக்கும் அவருக்கும் ஒரே ஆசிரியர் ஒரே வகுப்பிலே கொடுத்த கட்டுரைத் தலைப்பு ‘முன்வைத்த காலைப் பின்வையேல்’ என்பது. அதற்கு நூற்றுக்கு எண்பத்தைந்து புள்ளி பெற்றவர் யாம். பின்னர் ஆசிரியராகிய யாமும் ஆண்டுதோறும் அதே தலைப்பை எம் மாணாக்கர்க்குக் கொடுத்துவந்தோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. வெளியே காற்று ஓலமிட, 2012ஆம் ஆண்டில் எம்மிடம் வந்த மாணவன் ஒருவனின் முகமே கண்முன் நின்றது. உயர்தரத்திலே கணிதப் பிரிவிற் பயின்றவன். ஒருநாள் பாடசாலை விட்டபின் வகுப்பறை வாயிலிலே தயங்கி நின்று, “சேர், எனக்குக் கணக்கு ஓடுதில்லை. கலைப் பிரிவுக்கு மாறித் தமிழ் படிக்கத்தான் விருப்பம். அப்பாவோடை ஒருக்காக் கதைப்பீங்களே?” என்று கேட்டான். தமிழைக் கற்பித்து அதனாலே சோறுண்ணும் யாம், தமிழ் கற்க விரும்பி வந்த அப்பிள்ளைக்கு என்ன சொன்னோம்? முன்வைத்த காலைப் பின்வைக்கலாகாது என்றோம். கோழைகளே பாதி வழியில் திரும்புவர் என்றும் சொன்னோம். அவன் தலையசைத்துப் போனான். மூன்று முறை பரீட்சை எழுதினான்; மூன்று முறையும் சித்தியடையவில்லை. அதன்பின் அவனை யாம் விசாரிக்கவுமில்லை.

உரம் ஊட்டினோம் என்று இதுகாறும் எண்ணியிருந்தோம். உண்மையிலே அவன் தலைமேல் முகில் கவிந்திருந்தது. எம் கண்ணுக்கு அது தெரியவில்லை. தெரிந்தும் நிமிர்ந்து நோக்கவில்லை என்பதே பொருந்தும்.

திருவள்ளுவர் இதனை அறியாதவரல்லர். வலியறிதல் என்னும் அதிகாரத்திலே, கொம்பின் நுனிவரை ஏறியவர் அதற்கும் அப்பால் ஏற முயலின் அஃது உயிருக்கே இறுதியாகும் என எச்சரிக்கின்றார். அடுத்துவரும் காலமறிதலிலே, ஊக்கமுடையவர் ஒடுங்கியிருத்தலைப் போர்க்கடா பாய்வதற்காகப் பின்வாங்குவதற்கு ஒப்பிடுகின்றார். இவ்விரு குறளுக்கும் யாம் எத்துணை முறை பதவுரையும் பொழிப்புரையும் சொல்லியிருப்போம்! கரும்பலகையிலே எழுதியவர் எம் கைகளே. கற்றவர் யாம் அல்லோம்.

இதனாற் சோம்பலுக்குச் சான்று கூறுகின்றோம் என்று மாணாக்கர் எவரும் மகிழ்தல் வேண்டா. முதல் மேட்டிலே மூச்சு வாங்கியவுடன் திரும்புதல் வேறு. வானிலையும் வலியும் அறிந்து திரும்புதல் வேறு. நோர்வே நாட்டு அமுண்ட்சன் 1911ஆம் ஆண்டு செப்ரெம்பரிலே தென்முனைக்குப் புறப்பட்டு, குளிர் பூச்சியத்துக்குக் கீழே ஐம்பது பாகைக்கும் மிகுந்தமையால் முகாமுக்கு மீண்டார். ஒக்டோபரிலே மீண்டும் புறப்பட்டு, டிசெம்பர் 14ஆந் திகதி அம்முனையை உலகில் முதன்முதலாக அடைந்தார். பின்சேயிலே 1914ஆம் ஆண்டு தம் பயணக் கருவிகளைச் சோதித்துப் பார்த்த ஷாக்கில்டன் என்பார், அதற்கு ஐந்து ஆண்டுகளின் முன் தென்முனைக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர் மட்டுமே எஞ்சியிருந்தபோது, உணவு போதாமை கண்டு திரும்பினார். அவரும் உடன்சென்ற மூவரும் உயிருடன் மீண்டனர். முனையை அவர் ஒருபோதும் அடைந்திலர். எனினும் அவரைக் கோழை என்பார் எவருமிலர். பயணமென்பது போவது மட்டுமன்று. மீள்வதும் சேர்ந்ததே பயணம். போவதற்கே முழு வலியையும் செலவிடுபவன் கணக்கறியாதவன்.

ஊர் மீண்டதும் யாம் முதலிற் செய்தது அம்மாணவனைத் தேடியது. அவன் நகரிலே ஒரு கடையிற் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். கணக்கு ஓடவில்லை என்றவன் கணக்கெழுதுகின்றான்! எம்மைக் கண்டதும் கதிரையை விட்டு எழுந்து நின்றான். அன்று யாம் சொன்னது தவறு என்றும், அவன் தந்தையாரோடு பேசியிருத்தல் வேண்டும் என்றும் அவனிடம் கூறினோம். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே, “பரவாயில்லை சேர்” என்றான். பின்னர், தன் தம்பியும் அவ்வாறே கேட்டபோது யாம் சொன்ன சொல்லையே தானும் அவனுக்குச் சொல்லிவிட்டதாகக் கூறினான். அப்போது யாம் உணர்ந்த குளிருக்கு எந்நிற மெழுகும் போதாது.

அவன் இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு எம் இல்லத்துக்கு வந்து நூல்களை எடுத்துச் செல்கின்றான். வெளிவாரியாகப் பட்டம் பயிலலாமோ என்று கேட்டுள்ளான். இழந்த ஆண்டுகளை யாம் திருப்பிக் கொடுத்தல் இயலாது. உடன் நடத்தல் இயலும்.

பழைய தலைப்பை யாம் இன்றும் வகுப்பிலே கொடுக்கின்றோம். ஆயின் அதனோடு இரண்டாவது ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கின்றோம்: ‘முன்வைத்த காலைப் பின்வைத்தற்குரிய காலம் எது?’ மாணாக்கர் முதலாவதற்கு விரைந்து விடையெழுதுகின்றனர். இரண்டாவதற்குப் பேனையைக் கடித்துக்கொண்டு இருக்கின்றனர். அவ்வாறு இருத்தல் நன்றே. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்களுள் பலர் இன்று தந்தையர். உங்கள் பிள்ளை ஒருநாள் வாயிலிலே தயங்கி நின்று ஏதேனும் கேட்பானாயின், மறுமொழி கூறுமுன் அவனோடு சேர்ந்து ஒருமுறை வானத்தை அண்ணாந்து பாருங்கள் என்பதே எம் வேண்டுகோள்.

புளோ-ஈசனை யாம் இன்னும் கண்டிலோம். மண்டபத்திலே காட்ட வைத்திருந்த படமும் இல்லை. மீண்டும் ஒருகால் வருமாறு நண்பர் எழுதியுள்ளார். தந்தையாரின் திவசத்துக்கு அடுத்த ஆண்டு ஊர் வந்து, தாயாரிடம் உண்மையைச் சொல்லிவிடப் போவதாகவும் எழுதியுள்ளார். அவர் திரும்பும் அவ்வழியிலே இம்முறை யாம் உடன்செல்வோம்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க. அவள் பிள்ளைகள் செல்லுமிடமெல்லாம் சிறக்க. காலமறிந்து நலமே மீள்க.